நாய் வாய் என்றால் நாறத்தான் செய்யுமா?

எங்கள் வீட்டில் ஜிம்மி என்று ஒரு பொமரேனியன் இருந்தது. ஆசையாக மடியில் ஏறி முகத்தை நக்க வரும்போது எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அப்படி ஒரு நாற்றம். "நாய் வாய்னா நாறத்தான் செய்யும்" என்பார் பாட்டி. நாங்களும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டோம். அதற்கு எட்டு வயதானபோது வலது கண்ணுக்குக் கீழே திடீரென்று வீங்கியது. பூச்சி ஏதாவது கடித்திருக்கும் என்று விட்டுவிட்டோம். இரண்டு நாளில் வீக்கம் உடைந்து சீழ் வடிந்தது. கண் மருந்து எழுதித் தருவார் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு போனால், மருத்துவர் கண் பக்கமே போகவில்லை. மேலுதட்டைத் தூக்கி, கடைவாயில் இருந்த பெரிய பல்லைக் காட்டினார். பல்லே தெரியாத அளவுக்குப் பழுப்பாகக் காரை பிடித்திருந்தது. அந்தப் பல்லின் வேரில் கட்டிய சீழ்தான் கன்னத்து எலும்பைத் துளைத்துக்கொண்டு கண்ணடியில் வெளியேறியிருக்கிறது.

பல ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த அந்த நாற்றம் வயதின் நாற்றமும் இல்லை, நாயின் இயல்பும் இல்லை. ஈறு அழுகிய நாற்றம். நல்ல வாய் உள்ள நாயிடம் சாப்பாட்டு வாசம் வரலாம், முகம் சுளிக்க வைக்கும் துர்நாற்றம் வராது. பூனைக்கும் இதே கணக்குதான்.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள், பூனைக்கு 30. சுத்தமான பல்லின் மேல் முதலில் எச்சிலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் படிகிறது. சில மணி நேரத்திற்குள் அதில் பாக்டீரியாக்கள் வந்து ஒட்டிக்கொண்டு பசை போன்ற அடுக்காக வளர்கின்றன. பல் மருத்துவர்கள் பிளேக் என்று சொல்வது இதைத்தான். விரலால் தேய்த்தாலே போய்விடும் அளவுக்கு மென்மையானது. தேய்க்காமல் விட்டால் இரண்டு மூன்று நாளில் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் இறங்கி, கல் மாதிரி இறுகத் தொடங்கிவிடும். அதுதான் காரை. அதற்கப்புறம் எந்த பிரஷ்ஷாலும் அதைப் பெயர்க்க முடியாது.

மனிதருக்குச் சொத்தைப்பல் அதிகம், நாய்க்குக் காரை அதிகம். இந்த வித்தியாசத்துக்கு எச்சிலும் ஒரு காரணம். நாயின் எச்சில் நம்முடையதைவிடக் காரத்தன்மை கூடியது. அமிலம் பல்லை அரிப்பது குறைகிறது, உப்புகள் படிந்து இறுகுவது கூடுகிறது. கன்னத்திலிருந்து வரும் பெரிய எச்சில் குழாய் மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களுக்கு எதிரில்தான் திறக்கிறது. காரை முதலில் அங்கே பிடிப்பது அதனால்தான். உங்கள் நாயின் முன்பற்கள் வெள்ளையாக இருப்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். உதட்டைப் பின்னால் இழுத்துக் கடைவாயைப் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியும் காரையைவிட, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் இறங்கும் பாக்டீரியாப் படலம்தான் பெரிய ஆபத்து. காரையின் சொரசொரப்பு புதிய படலம் ஒட்ட வசதி செய்து கொடுக்கிறது, அவ்வளவுதான். படலம் உள்ளே இறங்கியதும் உடல் அதை எதிர்த்துப் போராடும். ஈறு சிவக்கும், தடிக்கும், தொட்டால் ரத்தம் கசியும். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் ஈறு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். விட்டுவிட்டால் அந்தப் போராட்டமே பல்லைத் தாங்கும் நார்களையும் தாடை எலும்பையும் கரைக்கத் தொடங்கும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வராது.

இது எப்படித் தெரிந்தது என்பதும் சொல்ல வேண்டியது. 1965-ல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், நல்ல ஈறுகள் உள்ள 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். இரண்டு மூன்று வாரத்திற்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் சில நாளில் சரியாகிவிட்டது. ஈறு நோய்க்கு இந்தப் படலமே காரணம் என்று அதில் உறுதியானது. ஆனால், துலக்காமலே ஆண்டுக்கணக்கில் விட்டால் எலும்பு வரை போகுமா? மனிதரை வைத்து அதைச் சோதிக்க முடியாதே. பீகிள் நாய்களை வைத்துச் சோதித்தார்கள். லிண்டே, ஹாம்ப், லோ மூவரும் 1975-ல் வெளியிட்ட அந்த ஆய்வு நான்கு ஆண்டுகள் நடந்தது. ஒரு பகுதி நாய்களுக்கு நாள்தோறும் பல் துலக்கினார்கள், மறு பகுதியை அப்படியே விட்டார்கள். துலக்கப்பட்ட நாய்களின் ஈறு நான்கு ஆண்டு முடிவிலும் நன்றாக இருந்தது. துலக்காமல் விட்டவற்றுக்குச் சில வாரங்களில் ஈறு வீங்கியது, அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆண்டுகள் போகப்போக எலும்பும் கரைந்தது.

மனிதருக்கு ஈறு நோய் எப்படி வருகிறது என்று நமக்குக் கற்றுக்கொடுத்தவை அந்த நாய்கள். தினமும் துலக்கினால் நாயின் பல் தப்பும் என்பதும் அதே ஆய்விலேயே தெரிந்துவிட்டது. ஐம்பது ஆண்டு ஆகிறது. இன்னும் நம் வீடுகளில் நாய்க்குப் பல் துலக்குவது என்றால் வேடிக்கையாகப் பார்க்கிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

"நன்றாகத்தானே சாப்பிடுகிறது, வலி இருந்தால் சாப்பிடுமா?" என்று கேட்பார்கள். சாப்பிடும். பசி வலியைவிடப் பெரியது. வலியை வெளியே காட்டாமல் இருப்பது இந்த விலங்குகளின் இயல்பு. அதனால் சின்ன மாற்றங்களைத்தான் கவனிக்க வேண்டும். ஒரே பக்கமாக மெல்லும். வாயிலிருந்து சோறு சிந்தும். முன்பெல்லாம் துணியைக் கடித்து இழுத்து விளையாடியது, இப்போது விளையாடாது. கடித்த பொம்மையில் ரத்தக்கறை இருக்கும். முகத்தைத் தொட வந்தால் விலகும். பூனையாக இருந்தால் தட்டுக்கு ஆவலாக ஓடிவந்து, ஒரு வாய் வைத்ததும் சீறிக்கொண்டு ஓடும். அல்லது உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதையே விட்டுவிடும், ரோமம் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். கெட்ட பல்லைப் பிடுங்கிய இரண்டு வாரத்தில் "எங்க நாய் மறுபடி குட்டி மாதிரி ஆயிடுச்சு" என்று சொல்லும் வீடுகள் நிறைய. வயதாகிவிட்டது என்று அவர்கள் நினைத்தது பல்வலியை.

எத்தனை நாய்களுக்கு இந்த நோய் இருக்கிறது? மூன்று வயதுக்கு மேல் பத்துக்கு எட்டு என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். இங்கிலாந்தின் ராயல் வெட்டரினரி காலேஜ் நடத்தும் வெட்காம்பஸ் திட்டம் 22,333 நாய்களின் 2016-ம் ஆண்டு மருத்துவக் குறிப்புகளை அலசியபோது கிடைத்த எண் 12.5 சதவீதம். இரண்டுக்கும் இவ்வளவு தூரம் ஏன்? இரண்டாவது, வழக்கமான பரிசோதனையில் மருத்துவர் பார்த்து எழுதியதை மட்டும் எண்ணுகிறது. விழித்திருக்கும் நாயின் வாயில் உதட்டைத் தூக்கிப் பார்த்தால் தெரிவது அவ்வளவுதான். மயக்கம் கொடுத்து, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் மெல்லிய அளவுகோலை இறக்கி, எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்தால் எண்ணிக்கை ஏறுகிறது. நாய்க்கு ஈறு இடுக்கின் ஆழம் 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் சரி. பூனைக்கு அரை மில்லிமீட்டர்தான். அதற்கு மேல் போனால் கோளாறு. இதையெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

சின்ன உடம்பு நாய்களுக்குத்தான் பாதிப்பு அதிகம். சின்னத் தாடையில் அதே 42 பற்கள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. பொமரேனியன், ஷிட்சூ, பக், டாக்ஷண்ட் எல்லாம் இந்த வரிசை. தாடை எலும்பு மெலிதாக இருப்பதால், நோய் அதைக் கரைத்தபின் சும்மா ஒரு குதி குதித்தாலே கீழ்த்தாடை முறிந்துவிட்ட நாய்கள் உண்டு. மேல் கோரைப்பல்லின் உள்பக்கம் கரைந்தால் வாய்க்கும் மூக்குக்கும் நடுவே ஓட்டை விழும். அந்த நாய் ஓயாமல் தும்மிக்கொண்டே இருக்கும், மூக்கில் சளி வழியும், வீட்டார் சளிக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இதே இனங்களில் பால்பல் விழாமல் நின்றுவிடுவதும் சகஜம். குட்டிக்கு மூன்று, நான்கு வாரத்தில் முளைக்கும் பால்பற்கள் ஆறேழு மாதத்திற்குள் எல்லாம் விழுந்து புதுப்பல் வந்திருக்க வேண்டும். ஒரே இடத்தில் பழையதும் புதியதும் ஒட்டி நின்றால் நடுவில் அழுக்கு தங்கும், புதுப்பல்லும் கோணும். மருத்துவரிடம் காட்டிப் பால்பல்லை எடுத்துவிடுவது நல்லது.

ஈறு நோய் உள்ள நாய்களுக்கு இதயம், சிறுநீரகம், கல்லீரல் கோளாறுகளும் சேர்ந்து காணப்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. இதனால்தான் அது வந்தது என்ற அளவுக்கு இன்னும் நிரூபணமாகவில்லை. இதைச் சொல்லிப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. வாய்க்குள் ஆண்டுக்கணக்கில் வலி இருக்கிறது என்பது போதாதா?

காரை ஏறிவிட்டது என்றால் அதைக் கருவியால் பெயர்த்தெடுக்கும் ஸ்கேலிங்தான் வழி, அதுவும் மயக்கம் கொடுத்து. இங்கேதான் பலர் தயங்குகிறார்கள். மயக்கமே இல்லாமல் பல்லைச் சுரண்டிப் பளபளப்பாக்கித் தருகிறோம் என்று சில குரூமிங் கடைகளும் சொல்கின்றன. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் விழித்திருக்கும் நாய்க்கு ஈறுக்கு அடியில் கருவியை விட முடியாது. வெளியே தெரியும் காரை மட்டும் போகும், நோய் உள்ளேயே இருக்கும், பல் வெள்ளையாகிவிட்டதால் வீட்டார் நிம்மதியாகிவிடுவார்கள். சுரண்டிவிட்டுப் பாலிஷ் செய்யாவிட்டால் பல்லின் மேல்பரப்பு சொரசொரப்பாகி அழுக்கு இன்னும் சீக்கிரம் ஒட்டும். உலகச் சிறுவிலங்கு கால்நடை மருத்துவச் சங்கமும் அமெரிக்கக் கால்நடைப் பல் மருத்துவக் கல்லூரியும் இதை வெளிப்படையாக எதிர்க்கின்றன. வாயைப் பிடித்து அமுக்கி வைத்துச் செய்வதால் நாய்க்கு ஏற்படும் பயம் வேறு.

மயக்க மருந்தில் ஆபத்து இல்லவே இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை ஏறத்தாழ 98,000 நாய்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், ஆரோக்கியமான நாய்களில் மயக்கம் தொடர்பான மரணம் 0.05 சதவீதம், அதாவது பத்தாயிரத்துக்கு ஐந்து. ஏற்கெனவே நோய்ப்பட்ட நாய்களில் 1.33 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: தள்ளிப்போடுவதுதான் ஆபத்தைக் கூட்டுகிறது. ஐந்து வயதில் திடமாக இருக்கும்போது செய்ய வேண்டியதை, பன்னிரண்டு வயதில் சிறுநீரகமும் கெட்ட பிறகு செய்ய நேர்கிறது. முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை உண்டா, மூச்சுக்குழாயில் டியூப் வைப்பார்களா, பல்லுக்கு எக்ஸ்ரே எடுக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்கேலிங் செய்யும்போது தெறிக்கும் தண்ணீரும் அழுக்கும் நுரையீரலுக்குப் போகாமல் அந்த டியூப்தான் காக்கிறது. சில பற்களைப் பிடுங்க வேண்டும் என்றால் அதிர வேண்டாம். வலிக்கும் பல்லோடு இருப்பதைவிடப் பல்லே இல்லாமல் இருக்கும் நாய் நன்றாகச் சாப்பிடும். இன்னொன்று, வெறும் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிக் கொடுத்தால் ஒரு வாரம் நாற்றம் குறையும், அப்புறம் திரும்பிவிடும். படலத்துக்குள் அடுக்கடுக்காக ஒளிந்திருக்கும் பாக்டீரியாவை மாத்திரையால் எட்ட முடியாது.

சரி, வீட்டில் என்ன செய்வது? துலக்குவதுதான். இதற்கு ஈடாக வேறு எதுவும் இல்லை.

முதல் நாளே பிரஷ்ஷை வாய்க்குள் விட்டால் அன்றோடு கதை முடிந்தது. ஒரு வாரம் உதட்டைத் தூக்கிப் பார்ப்பதும் பாராட்டுவதுமாகவே போகட்டும். அடுத்து, விரலில் மெல்லிய துணியைச் சுற்றி, நாய்களுக்கென்றே வரும் கோழிச் சுவைப் பேஸ்ட்டைக் கொஞ்சம் தடவி, பல்லின் மேல் லேசாக ஓட்டுங்கள். பேஸ்ட்டை நக்குவதற்காகவே அது உங்களைத் தேடிவரத் தொடங்கிய பிறகு பிரஷ். குழந்தைகளுக்கான மிக மென்மையான பிரஷ் போதும், பூனைக்கு அதிலும் சின்னது. வாயைத் திறக்க வைக்கத் தேவையில்லை. வாய் மூடியிருக்கும்போதே உதட்டை மட்டும் தூக்கி, பிரஷ்ஷின் நார்கள் ஈறும் பல்லும் சேரும் கோட்டைப் பார்த்துச் சாய்ந்திருக்கும்படி வைத்துச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். பக்கத்துக்கு அரை நிமிடம். வெளிப்பக்கம் செய்தாலே பெரும்பகுதி முடிந்தது, உள்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். மேல் கடைவாயையும் கோரைப்பற்களையும் மட்டும் விட்டுவிடக் கூடாது. முடிந்ததும் ஒரு துண்டு கோழியோ, விருப்பமான விளையாட்டோ. தினமும் செய்ய வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தாலும் பயன் உண்டு. வாரம் ஒருமுறை என்றால், இரண்டு மூன்று நாளில் படலம் கல்லாகிவிடும் கணக்கு நினைவிருக்கிறதல்லவா, அதனால் பெரிதாகப் பலனில்லை. ஈறு ஏற்கெனவே ரத்தம் கசியும் நிலையில் இருந்தால் பிரஷ்ஷைத் தொடும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள். வலிக்கும் வாயில் பழக்க முயன்றால் கடிதான் கிடைக்கும்.

நம்முடைய பேஸ்ட் வேண்டவே வேண்டாம். நாய்க்கும் பூனைக்கும் துப்பத் தெரியாது, முழுவதும் வயிற்றுக்குப் போகும். ஃபுளோரைடும் நுரையும் ஒருபுறம். சில பேஸ்ட்களில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால் நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும், அளவு கூடினால் கல்லீரலையே சாய்த்துவிடும். பல்வலிக்கு நாம் வைக்கும் கிராம்புத் தைலத்தைப் பூனைக்கு வைக்காதீர்கள். அந்த வகைப் பொருட்களைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. வலி மாத்திரையும் அப்படியே. நாம் சாதாரணமாக விழுங்கும் ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரை வாங்கப் போதும்.

அடுத்து எலும்பு. கறிக்கடையிலிருந்து எலும்பு வாங்கிப் போட்டால் பல் சுத்தமாகும் என்பது ஊரெல்லாம் உள்ள நம்பிக்கை. மெல்லும்போது காரை கொஞ்சம் உதிர்வது உண்மைதான். ஆனால் ஜிம்மிக்குச் சீழ் வந்த அதே மேல் கடைவாய்ப் பெரிய பல்தான் எலும்பைக் கடிக்கும்போது பலகை பெயர்வதுபோலப் பிளந்துகொள்ளும். மாட்டுக் குளம்பு, மான் கொம்பு என்று கடைகளில் விற்பவையும் இதே ஆபத்துதான். உங்கள் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் சற்றாவது பதிய வேண்டும். பதியாத பொருள் நாயின் பல்லுக்குக் கடினம். பல்லுக்கான மெல்லும் பண்டம் வாங்குவதாக இருந்தால் உறையில் வி.ஓ.ஹெச்.சி. (வெட்டரினரி ஓரல் ஹெல்த் கவுன்சில்) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 1997-லிருந்து இயங்கும் அந்த அமைப்பு, அழுக்கையோ காரையையோ குறைப்பதாகச் சோதனையில் காட்டிய பொருட்களுக்கு மட்டுமே முத்திரை தருகிறது. சாதாரணக் காய்ந்த தீனி பல்லைத் துலக்கும் என்பது சரியில்லை. கடித்ததும் நொறுங்கிவிடும், ஈறுக்குப் பக்கத்தில்கூடப் போகாது. அதற்காகத் தயிர்ச்சோறும் பொறையும் பல்லுக்கு நல்லது என்று ஆகிவிடாது, இரண்டும் மெல்லாமலே உள்ளே போய்விடும்.

பூனை விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் துலக்குவதால் மட்டும் தீராத இரண்டு கோளாறுகள் அதற்கு உண்டு. ஒன்று, பல் தானாகவே கரைவது. உடம்பின் செல்களே பல்லை அரித்துவிடுகின்றன. ஈறு ஓரத்தில் சின்னச் சிவப்புப் பொட்டு போலத் தெரியும், ஈறு அந்தக் குழியை மூடி வளர்ந்திருக்கும். ஏன் வருகிறது என்று யாருக்கும் இன்னும் முழுமையாகப் புரியவில்லை. அந்த இடம் கடுமையாக வலிக்கும், மயக்கத்தில் இருக்கும் பூனையின் தாடைகூட அதைத் தொட்டால் துடிக்கும். அடைத்துச் சரிசெய்ய முடியாது, எக்ஸ்ரே பார்த்து எடுத்துவிட வேண்டியதுதான். மற்றொன்று, வாய் முழுக்கப் புண்ணாகும் நோய். தொண்டை ஓரம் வரை ரத்தச் சிவப்பாகிவிடும், எச்சில் வழியும், பூனை பசியோடு தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆனால் சாப்பிடாது. பூனைகளுக்குச் சளிக்காய்ச்சல் உண்டாக்கும் கேலிசிவைரஸ் இந்தப் பூனைகள் பலவற்றிடம் இருக்கிறது. தன் பல்லின் மேல் படியும் படலத்தைக்கூடத் தாங்கிக்கொள்ள முடியாத அளவுக்கு அவற்றின் உடல் கொந்தளிக்கிறது. கடைவாய்ப் பற்களையோ எல்லாப் பற்களையுமோ எடுத்துவிட்டால் மூன்றில் இரண்டு பங்குப் பூனைகள் நன்றாகத் தேறுகின்றன, சில முழுமையாகவே. கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் பட்டினியில் எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்த பூனை சில வாரங்களில் காய்ந்த தீனியைக்கூட அப்படியே விழுங்கி எடை ஏறுவதைப் பார்த்தவர்கள் மறுபேச்சு பேச மாட்டார்கள்.

ஜிம்மிக்கு அன்று ஐந்து பற்களை எடுத்தார்கள். மீதியைச் சுத்தம் செய்து அனுப்பினார்கள். நாற்றம் போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டு, சாகும்வரை, மடியில் ஏறினால் யாரும் முகத்தைத் திருப்பவில்லை. இப்போது வீட்டில் இருப்பது ஒரு சிப்பிப்பாறைக் குட்டி, ஐந்து மாதம் ஆகிறது. முன்பற்கள் மாறிவிட்டன, கோரைப்பல் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. ஈறு வலிக்கும் காலம் என்பதால் பிரஷ்ஷை ஒதுக்கிவைத்துவிட்டு, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஈரத்துணி சுற்றிய விரலால் மட்டும் தடவிவிடுகிறேன். உதட்டைத் தூக்கினால் வாலை ஆட்டுகிறது.